பல்லியும் ஓணானும் பாடிய ஒரே பாட்டு

குறும்பாறைக் காட்டில் ஒரு ஜீப் ஓடியது. அதை ஓட்டியது கருமன் என்ற கரடி. ஜீப்பின் மூளையாக உள்ளே உட்கார்ந்து கணக்குப் பார்த்தது ஓர் ஆந்தை.

புகைக்குழாயின் நடுவே ஒரு பெட்டி. அதற்குள் கூடு போலச் சின்னச் சின்ன அறைகள். நச்சுப் புகை அதில் நுழைந்து சுத்தமாகி வெளியே வரும். பெட்டிக்கு முன்னால் ஓணான் காவல். பின்னால் பல்லி காவல். புகையில் பிராணவாயு கூடுகிறதா, குறைகிறதா என்று இரண்டும் ஆந்தைக்குக் குரல் கொடுக்கும்.

ஒருநாள் ஓணான் பெருமையடித்தது. "எங்கள் பெட்டிக்குள் அப்படியே தேன்கூடு மாதிரி இருக்கும்!"

'தேன்' என்ற சொல்லுக்குப் பிறகு கரடிக்கு ஒன்றும் காதில் விழவில்லை. பெட்டியைப் பிளந்து நக்கியது. நாக்கெல்லாம் கரி! கோபத்தில் கூட்டை நொறுக்கிக் கொட்டியது. வெறும் பெட்டியை மூடி மறுபடி மாட்டியது.

ஜீப் நிற்கும் ஆலமரத்தில் மைனாக் குஞ்சுகள் இருமத் தொடங்கின.

"கருமா! உன் புகையில் என் பிள்ளைகள் மூச்சு முட்டிச் சாகுதே!" என்று தாய் மைனா கதறியது.

"அபாண்டம்! என் வண்டிப் புகையில் மல்லிகை மணக்கும்!"

பதவியில் உட்கார்ந்தவர்களுக்கு அடுத்தவர் இருமல் என்றைக்குக் கேட்டது? மைனா விடவில்லை. வண்டியை மறித்து நின்றது. "ஆந்தையாரே, பெட்டியைச் சோதியுங்கள்!"

"வண்டி சூடேறிச் சீராக ஓடட்டும், சோதிக்கிறேன். கூடு சூட்டில்தான் வேலை செய்யும்; குளிர்ந்த வண்டிமேல் குற்றம் சொல்ல மாட்டேன்" என்றது ஆந்தை.

கரடிக்கு வியர்த்தது. விஷயம் தெரிந்தால் ஓட்டுநர் இருக்கை போய்விடுமே! பல்லியிடம் கிசுகிசுத்தது. "தம்பி, ஓணான் சொல்வதையே நீயும் சொல்லு. ரெண்டு சாட்சியும் ஒத்துப்போனா யாரு சந்தேகப்படுவா?"

"அதைத்தான் அண்ணே சொல்லப் போறேன்!" என்று பல்லி சிரித்தது.

வண்டி சூடேறியது.

"கூடுது!" என்றது ஓணான்.

"கூடுது!" என்றது பல்லி.

"குறையுது!"

"குறையுது!"

"பார்த்தீரா ஒற்றுமையை!" என்று கரடி நெஞ்சை நிமிர்த்தியது.

"அவசரப்படாதே. இன்னொரு தடவை ஓட்டு" என்றது ஆந்தை. மறுபடியும் அதே பாட்டுதான். உடனே ஆந்தை, வண்டியில் எச்சரிக்கை விளக்காக உட்கார்ந்திருந்த மின்மினியைத் தட்டியது. கரடியின் மூக்குக்கு நேரே மஞ்சள் விளக்கு எரிந்தது!

"என்ன அநியாயம்! ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானே சொன்னாங்க?"

"அதுதானப்பா குற்றம்! நல்ல கூடு, பிராணவாயு கூடும்போது பிடித்து வைக்கும். குறையும்போது எடுத்துக் கொடுக்கும். முன்னால் ஓணான் குதித்தாலும், பின்னால் பல்லி 'மாற்றமில்லை' என்று கொட்டாவி விடும். இரண்டும் சேர்ந்து குதித்தால், நடுவில் பெட்டி காலி!"

"பல்லிப்பயலே, கவுத்துட்டியே!"

"நடந்ததைத்தான் சொன்னேன் அண்ணே. நீங்க கேட்டதும் அதுதானே!"

காடே சிரித்தது. பெட்டிக்குப் புதுக் கூடு வந்தது. ஓட்டுநர் இருக்கையில் மான் ஏறியது. இருமல் நிற்கும்வரை கரடி ஆலமரத்தடியில் நின்று, குஞ்சுகளுக்குத் தேக்கிலையால் விசிறியது. "இன்னும் வேகமா, மாமா!" என்று குஞ்சுகள் அதட்டின.

கண்காணிக்க வைத்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசினால், ஒற்றுமை என்று கைதட்டாமல், நடுவில் வேலை செய்ய வேண்டியவன் என்ன செய்கிறான் என்று கேட்க வேண்டும்.