பொன்னாடை போர்த்திய திரை

பாராட்டு விழாவில் கிடைத்த பொன்னாடையைச் சார்பதிவாளர் தாணுமூர்த்தி, கவுண்டருக்கு வெளியே ஜனங்கள் பார்க்க வைத்திருந்த இரண்டாவது திரைமேல் போர்த்திவிட்டார். "நான் செய்யிறதைக் கண்டவன் எதுக்குப் பார்க்கணும்?"

வெள்ளிக்கிழமை காலை கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட்டது. பத்தரைக்கு ராகுகாலம். பத்திரத்தோடு நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

"தற்காலிக ஆளை வச்சா இப்படித்தான்!" என்று தாணுமூர்த்தி, ஆபரேட்டர் செண்பகவடிவிடம் எகிறினார். "பத்தரைக்குள்ள இது ஓடணும். ஆனா நீ மெஷினைத் தொடக்கூடாது. ஓடலைன்னா நாளைக்கு வராதே!"

சொல்லிவிட்டு மவுசைப் போட்டுத் தட்டினார். தட்டுந்தோறும் 'டிங்' என்றது. செண்பகவடிவு விடுவதாயில்லை. திரையில் ஏதோ கேள்விப் பெட்டி வந்து பதில் கேட்கிறது. இந்தத் திரையில் இல்லையென்றால் எங்கே?

"மெஷினைத் தொடலை சார். உங்க பொன்னாடையை மட்டும் எடுத்துக்கிடுதேன்."

வெளியே போய் அதை உருவினாள். நாற்பது பேரும் திரையை உரக்கப் படித்தார்கள்: "தொடர ஒப்புதல் தருகிறீர்களா?"

தாணுமூர்த்தி என்டரைத் தட்டினார். கம்ப்யூட்டர் ஓடியது.

"இவ்வளவு நேரம் இது எங்கே இருந்துச்சு?" என்று முணுமுணுத்தார்.

செண்பகவடிவு பொன்னாடையை அவர் தோளிலேயே போர்த்தினாள்.

"இவங்களோட சேர்ந்துதான் சார். உங்க சம்மதத்துக்காக காலையிலேருந்து கவுண்டருக்கு வெளியே நிக்குது."