கஸ்பார் தன் ஜோடியைக் கைவிடாத கதை

சிப்பிக்குடாவில் முட்டாள்கள் மூன்று பேர்தான். மூன்று பேரும் ஒரே படகில் போவதால் ஊருக்கு அது ஒரு வசதி.

படகு கஸ்பாருடையது, பெயர் சந்தன மாதா. கூடப் போகிறவர்கள் அவருடைய மச்சினன்மார் இன்னாசியும் தொம்மையும். சங்கு குளித்துப் பழகியவர்கள். தண்ணீருக்குள் மூச்சை அடக்குவதில் இவர்களை அடிக்க ஆளில்லை. வெளியே வந்து வாயைத் திறந்தால்தான் தொந்தரவு.

ஊருக்கு நேர் எதிரே கடலடியில் ஒரு பழைய மரக்கப்பல் கிடந்தது. எந்த ஊர்க் கப்பல், என்ன பெயர், யாருக்கும் தெரியாது. அதை ஆராய மங்கையர்க்கரசி என்று ஒரு டாக்டரம்மா வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மூழ்கின கப்பலுக்கு டாக்டர். பல வருஷமாக அந்தக் கப்பலின் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார். அதற்குள் பெயர் கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்.

கீழே இறங்கிக் கப்பலை வரைந்து வர இந்த மூவரையும்தான் கூலிக்குப் பிடித்தார். மூவருக்கும் முதுகில் காற்று உருளையைக் கட்டி, கையில் எழுதுபலகையைக் கொடுத்து, டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "கீழ கிடக்கிற எதையும் தொடக் கூடாது. கண்ணால பார்த்ததை மட்டும் பலகையில வரையணும், மனசுல நினைச்சதை வரையக் கூடாது. ஜோடி ஜோடியாத்தான் போகணும், என்ன நடந்தாலும் ஜோடியை விட்டுப் பிரியக் கூடாது. மேல ஏறும்போது அவசரப்படாம, நடுவுல கொஞ்ச நேரம் நின்னு வரணும்."

அவர் போனதும் கஸ்பார் கவலையோடு உட்கார்ந்தார். "மாப்ள, நீங்க ரெண்டு பேரும் ஒரு ஜோடி. எனக்கு யாரு?"

"அக்கா இருக்காளே அத்தான்," என்றான் தொம்மை.

"அவ கடலுக்கு வரமாட்டாடே."

இன்னாசி நெடுநேரம் யோசித்தான். "உங்ககூட எப்பவும் கடல்ல இருக்கிறது யாரு? படகு. அப்ப படகுதான் உங்க ஜோடி."

கஸ்பார் எழுந்து போய்ப் படகைத் தடவிக்கொடுத்தார். அன்று ராத்திரி வீட்டுக்கு வரவில்லை. படகிலேயே படுத்துக்கொண்டார். ஜோடியை எப்போது பிரியலாம் என்று டாக்டரம்மா சொல்லவில்லையே.

முதல் நாள் இன்னாசி முன்னால் நீந்த, தொம்மை ஒட்டிக்கொண்டே பின்னால் போனான். சாயங்காலம் பலகையைக் காட்டினான். இரண்டு பாதங்கள், வெகு அழகாக வரையப்பட்டிருந்தன.

"என்ன இது?" என்றார் டாக்டரம்மா.

"அண்ணன் காலு. கடைசிவரைக்கும் அதைத்தான் பார்த்தேன்."

"கப்பலைப் பார்க்கலையா?"

"அந்தப் பக்கம் இருக்கும்னு நினைச்சேன். நினைச்சதை வரையக் கூடாதுன்னு சொல்லிட்டியளே."

டாக்டரம்மா பலகையைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் மாடியில் இருந்த தன் அறைக்கு இவர்களைக் கூப்பிட்டார். மூவரும் பாதிப் படியில் நின்றுவிட்டார்கள். கீழே போக வேண்டியவர்களும் மேலே வர வேண்டியவர்களும் இவர்கள் நின்று முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

வியாழக்கிழமைவரை பெயர் கிடைக்கவில்லை. டாக்டரம்மா சோர்ந்துபோயிருந்தார். "நாளைக்கு நானும் அதிகாரியும் இன்னொரு படகுல வந்து உங்க படகுல ஏறிக்குவோம். அவர் வெள்ளை பேன்ட் போட்டு வருவார். படகுல தண்ணி நிக்கக் கூடாது. அதையாவது பாத்துக்குங்க."

வெள்ளிக்கிழமை காலை மூவரும் கப்பல் கிடக்கும் இடத்துக்குப் போய்விட்டார்கள். படகுக்குள் ஒரு சிரட்டைத் தண்ணீர் நின்றது.

"கரையில படகு கழுவினா பின்னாடித் தக்கையைத்தானே பிடுங்குவோம்?" என்றார் கஸ்பார்.

"ஆமா அத்தான். ஒரு சொட்டு நிக்காது."

கஸ்பார் தக்கையைப் பிடுங்கினார். தண்ணீர் உள்ளே வந்தது.

"வருதே மாப்ள?"

"வரட்டும். வந்து முடிச்சாத்தானே போகும்."

முழங்காலளவு வந்தது. இன்னாசி குனிந்து பார்த்துவிட்டு, "இப்போ பழைய தண்ணியெல்லாம் நல்லாக் கலந்திருக்கும்," என்றான் திருப்தியாக. இடுப்பளவு வந்தபோது தொம்மை மட்டும், "அத்தான், படகு இறங்குது," என்றான்.

"என் ஜோடி இறங்குதா? அப்ப நானும் இறங்கணும்." கஸ்பார் உருளையை மாட்டி, குழாயை வாயில் வைத்துக்கொண்டு, படகின் விளிம்பைப் பிடித்தபடி கூடவே போனார். "சட்டப்படிதான் போறாரு," என்று மச்சினன்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிவிட்டு, உருளையை மாட்டிப் பின்னால் இறங்கினார்கள்.

சந்தன மாதா பழைய கப்பலின் பக்கத்தில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தது. சேறு கிளம்பி அடங்கியது. கீழே கிடப்பதைத் தொடக் கூடாது என்பதால் கஸ்பார் உடனே கையை எடுத்துவிட்டார். தொம்மை பலகையில் வரைந்தான். கண்ணில் பட்ட ஒன்றையும் விடவில்லை.

நடுவில் நிற்க வேண்டிய நேரம் நின்று மூவரும் மேலே வந்தபோது டாக்டரம்மாவும் அதிகாரியும் இன்னொரு படகில் காத்திருந்தார்கள். மூவரும் அதில் ஏறிக்கொண்டார்கள். டாக்டரம்மா பலகையை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலையில் மணி வடிவத்தில் ஏதோ வரைந்து, அதைச் சுற்றி வேற்றுமொழி எழுத்துகளை அப்படியே எழுதியிருந்தான் தொம்மை.

"கப்பல் மணி. பேர் இருக்கு. இத்தனை நாளா எங்கே இருந்துச்சு?"

"நடுவுல வரைஞ்சிருக்கேனே, இந்தப் படகு உக்காந்ததும் சேறு விலகிச்சு. குப்புறக் கிடக்கிற பானைன்னு நினைச்சேன். நினைச்சதை எழுதல."

டாக்டரம்மாவுக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. மணியையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சி நிச்சயம் தொடரும் என்ற அதிகாரி, பலகையின் நடுவே இருந்த சின்னப் படகைக் காட்டினார். "இது புதுசா மூழ்கின மாதிரி இருக்கே. இதுல வந்தவங்க?"

"கீழ ஆளே இல்லைய்யா," என்றான் இன்னாசி. "தூக்குச்சட்டி மூணு கிடக்கு. மூணு பேரா இருக்கும். சோத்தைக்கூடத் தொடலை, பாவம்."

"அடடா. குடும்பத்துக்குத் தகவல் சொல்லணுமே."

"சட்டியில பேர் வெட்டியிருந்துச்சு. அதையும் எழுதிட்டேன்," என்று தொம்மை பலகையின் ஓரத்தைக் காட்டினான். 'ரோசலின்' என்று இருந்தது.

கஸ்பாரின் முகம் வாடியது. "அது என் பொண்டாட்டி பேருல்லா," என்றார் மெல்ல.

கரைக்கு வந்ததும் மூவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேராக அந்த வீட்டுக்குப் போனார்கள். ரோசலின் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். இன்னாசி தம்பியை முன்னால் தள்ளினான். தொம்மை சுவரைப் பார்த்துக்கொண்டான். கடைசியில் கஸ்பார்தான் முன்னால் வந்தார்.

"ஏட்டி, மனசைத் திடப்படுத்திக்க. உன் புருசன் போன படகு முங்கிட்டு. ஆளைக் காணோம்."

ரோசலின் நிமிர்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். மறுபடி மீனைக் கழுவினாள்.

"அப்போ இன்னைக்கு ஒரு ஆளுக்குக் குறைச்சே சோறு வடிச்சாப் போதும்."

கஸ்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். அன்று சாப்பிடும் நேரம் வந்தபோதும் அவர் உள்ளே போகவில்லை. ஆம்பளை இல்லாத வீட்டுக்குள் எப்படிப் போவது என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.