புகைக்கு விட்ட வழி

இந்தக் கதையை முதலில் எனக்குச் சொன்னவர் எங்கள் ஜெபக்கூட்டத்து சலோமி அக்கா. மகனைப் பார்க்க இங்கிலாந்து போய்த் திரும்பிய வருஷம் சொன்னார்.

அங்கே ஒரு கிராமத்தில் பழைய கல்வீடு. நடுவில் ஒரே புகைபோக்கி, அதன் இரு பக்கமும் அடுப்பு. மாடிக்கு ஏற, சுற்றிச் சுற்றிப் போகும் கல்படி ஒன்றுதான். வீட்டுக்காரர் சாகும்போது, பிள்ளைகள் ஹம்ப்ரிக்கும் கில்பர்ட்டுக்கும் ஆளுக்குப் பாதி வீடு, மனைவி அக்னஸுக்கு உயிருள்ளவரை மாடி அறை என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

பிள்ளைகளுக்கு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க ஆகாது. தரையிலிருந்து கூரைவரை குறுக்கே சுவர் எழுப்பக் கொத்தனார் வால்டரை வைத்தார்கள். படி மூத்தவன் ஹம்ப்ரியின் பாகத்தில் விழுந்தது. அம்மாவின் அறை இளையவன் பாகத்தில். அவன் தன் மாடிக்கு ஏணி வைத்துக்கொண்டான். அக்னஸின் முழங்காலுக்கு ஏணி ஆகுமா?

சுவர் புகைபோக்கியை எட்டியது. "இதை அடைச்சா ரெண்டு அடுப்பும் போச்சே" என்றார் வால்டர்.

"புகைக்கு வழி விடு. அவன்கிட்டயும் சொல்லிடு" என்றான் மூத்தவன்.

வால்டர் போய்ச் சொன்னார். "சரி, விடு" என்றான் இளையவன்.

பிறகு மாடிச்சுவர். "படியிலேருந்து அம்மா தன் அறைக்குப் போக ஒரு வாசல் விடட்டுமா?"

"நான் வேண்டாம்னா சொல்லுவேன்? அவன் சம்மதிச்சா எனக்கும் சம்மதம்" என்றான் மூத்தவன். இளையவனும் அதையே சொன்னான்.

அக்னஸுக்கு உயிர் வந்தது. மூத்தவனிடம் போனாள். "தம்பி சரின்னுட்டான்பா."

"அந்தப் பெரிய மனுஷன் இங்க வந்து சொல்லட்டும்."

இளையவனிடம் போனாள். "நான் அவன் வாசலை மிதிக்கணுமா? வேணும்னா அவன் வரட்டும்."

கடைசியில் அவள் கல்படி உச்சியில் வந்து நின்றாள். சுவரில் ஒரு கல் இடம்தான் மிச்சம்.

"வீட்டுக்காரங்க சொல்லாம நான் வாசல் விட முடியாது, தாயே" என்றார் வால்டர், அந்தப் பக்கத்திலிருந்து.

அவள் தன் போர்வையை மட்டும் கேட்டாள். அவர் அந்த இடைவெளியில் அதைத் திணித்துக் கொடுத்துவிட்டு, கல்லை வைத்தார். அன்றுமுதல் சாகும்வரை அவள் படுத்தது வால்டர் வீட்டில்.

இந்த மூவரில் அவள் வழியை அடைத்தது யார்?

கல்லை வைத்த வால்டர் என்பார்கள். அவருக்குக் குற்றமே இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் அடைத்தது பிள்ளைகள் இருவரும்தான். அடுப்பு என்றதும் கொத்தனார் வந்து சொன்ன சொல்லே போதுமாயிருந்தது. அம்மா என்றதும் ஆள் நேரில் வரவேண்டியிருந்தது. சண்டை வெறும் சாக்கு. கர்த்தர் அவர்களை மன்னிக்கட்டும். எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது பாகம் பிரித்தால், சுவர் எழும்பும் முன்னே அம்மா எங்கே படுப்பாள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.