எட்டித் தழை இல்லாத வழி

ஏழுமடுக் காட்டில் நெடுவாலன் என்ற கருமுகக் குரங்கு இருந்தது. மழைக்காலத்தில் எந்த வழி நல்லது, எந்த வழி ஆபத்து என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை.

விடிந்ததும் மரத்துக்கு மரம் தாவி, எல்லா வழிகளையும் பார்த்து வரும். ஆபத்தான வழியின் குறுக்கே எட்டிக் கிளையை ஒடித்துப் போடும். எட்டித் தழை கசக்கும். பசித்த மான்கூட அதில் வாய் வைக்காது. தழை கிடந்தால் வழி மூடல். தழை இல்லாவிட்டால் தாராளமாகப் போகலாம். அந்தக் காட்டில் அதுதான் வழக்கம்.

பிறகு ஆலமரத்தில் ஏறிக் கூவும். "பெரிய மடுவில முதலை ஏறியிருக்கு! மேற்குக் கரையில மட்டும் தண்ணி குடிங்க! பாறைப் பக்கம் வழுக்குது, குட்டிகளை விடாதீங்க!"

ஒருநாள் கவைக்கொம்பன் என்ற கடமான் கீழே நின்று கேட்டது. "ஊருக்கெல்லாம் வழியை மூடுறீரே அண்ணே, உம்ம வாயை எப்போ மூடுவீர்?"

காடே சிரித்தது. கிளிகள் அதைப் பாடம் பண்ணிக்கொண்டு ஒரு மாதம் கத்தின.

கொம்பன் மறுநாளே அதை மறந்துவிட்டது. மூன்று மழைக்காலம் போனதும் கிளிகளும் மறந்துவிட்டன. நெடுவாலன் மட்டும் மறக்கவில்லை. கொம்பனின் குளம்புச் சத்தம் கேட்டாலே அதற்கு வயிறு எரியும்.

அந்த வருடம் ஐந்து நாள் அடைமழை பெய்து ஓய்ந்தது. மழை விட்டால் உப்புமண் திட்டில் மண் நக்குவதற்கு அடுத்த காட்டு மான்கள்கூட வரும். திட்டுக்கு இரண்டே வழிகள். ஒன்று மூங்கில் வழி. எல்லாரும் அதில்தான் போவார்கள். இன்னொன்று ஓடைக்கரை வழி. அகலக் கொம்பு மூங்கிலில் சிக்கும் என்பதால் கொம்பன் மட்டும் அதில் போகும்.

நெடுவாலன் முதலில் மூங்கில் வழியைப் பார்த்தது. கூடு விழுந்து குளவிகள் கலைந்து பறந்தன. குறுக்கே எட்டிக் கிளையைப் போட்டது.

அடுத்து ஓடைக்கரைக்கு வந்தது. கரை நீளத்துக்கு வெடித்திருந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் தோள்வரை போயிற்று. அடியில் செந்தண்ணீர் மண்ணைத் தின்றுகொண்டிருந்தது.

கிளையை ஒடித்து வழியருகே வந்தது. அங்கே கொம்பனின் குளம்புத் தடம் கண்ணில் பட்டது.

"என் வாயை மூடச் சொன்னவன்தானே! இதோ, மூடிக்கிட்டேன்!"

கிளையை ஓடையில் வீசிவிட்டு ஆலமரத்துக்குப் போய்விட்டது. மூங்கில் வழி மூடல் என்று மட்டும் கூவியது. பிறகு, வேடிக்கை பார்க்கக் கரையோரத்து மருதமரத்தில் வந்து உட்கார்ந்தது.

கொம்பன் வந்தது. நெடுவாலனுக்குச் சந்தோஷம். ஆனால் கொம்பனுக்குப் பின்னால் ஒரு புள்ளிமான் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு இருபது, முப்பது! குட்டிகளும் துள்ளிக்கொண்டு வந்தன. நடுவில், மார்பில் குழந்தையைக் கட்டிக்கொண்டு நெடுவாலனின் மகள் பூவாலி!

மூங்கில் வழியை மூடியது தான்தான் என்பது நெடுவாலனுக்கு அப்போதுதான் உறைத்தது. வேறு எந்த வழியில்தான் வருவார்கள்?

வெளியூர்ப் பெண்மான் ஒன்று தயங்கி நின்றது. "ஐயா, இவ்வளவு மழை பெய்திருக்கே. கரை தாங்குமா?"

"பயப்படாதே தாயி!" என்றது கொம்பன். "நெடுவாலண்ணன் பார்த்த வழி இது. எனக்கும் அவருக்கும் ஆகாதுதான். ஆனா அவர் வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. தழை இல்லையா, கண்ணை மூடிக்கிட்டு நடக்கலாம்!"

நெடுவாலன் மரத்திலிருந்து குதித்தது. "நில்லுங்க! கரை வெடிச்சிருக்கு! திரும்பிப் போங்க!"

"தழை இல்லையே அண்ணே!" என்றது கொம்பன்.

"நான் போடல!"

"எப்போ பார்த்தீர்?"

"காலையில..."

பூவாலி கேட்டது. "பார்த்துட்டா போடாம இருந்தீங்க, அப்பா?"

நெடுவாலன் பதில் சொல்வதற்குள் கொம்பனின் காலடியில் மண் முனகியது. கொம்பன் சட்டென்று திரும்பியது. குட்டிகளையும் பூவாலியையும் கொம்பால் நெட்டிப் பின்னே தள்ளியது. அதே நொடியில் கரை மொத்தமாகச் சரிந்தது. கொம்பனும் அதோடு போயிற்று. செந்தண்ணீரில் அதன் கொம்பு ஒருமுறை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

மறுநாள் விடியும் முன்பே நெடுவாலன் கிளம்பியது. வழிக்கு வழி நின்று பார்த்தது. ஒன்றுக்கு இரண்டாகக் கிளை போட்டது. தொண்டை கிழியக் கூவியது.

எல்லாரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, வெளியூர்ப் பெண்மான் ஒரு முயலைப் பார்த்துச் சொன்னது. "நீ போய் ஒரு தடவை பார்த்துட்டு வாப்பா."

தழை கிடந்த வழியையும் யாரும் நம்பவில்லை. தழை இல்லாத வழியையும் நம்பவில்லை. பூவாலியும் குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தகப்பன் முகத்தைப் பார்க்காமல் முயலின் பின்னால் போயிற்று.

பகைவன்தானே என்று ஆபத்தைச் சொல்லாமல் மறைப்பவன், பாவம் அறியாதவர்களையும் பள்ளத்தின் விளிம்பில் நிறுத்தி, தன் சொல்லுக்கு இருந்த மதிப்பையும் அதோடு சேர்த்துப் புதைக்கிறான்.