செவலையைச் சுற்றிக் கட்டிய வளாகம்

தும்பைவலசுக்கு பஸ் உண்டு. ஏறுவதற்கு ஆள் இருப்பார்கள், இறங்குவதற்குத்தான் யாரும் இல்லை. முன்னே அப்படி இல்லை. வியாழக்கிழமை மாட்டுச் சந்தை கூடினால் பஸ்ஸின் தலைமேல்கூட ஆள் உட்கார்ந்து வரும். பிறகு சந்தையை பைபாஸ் ஓரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஊர் நடுவில் அத்தனை பெரிய சந்தைப்பேட்டை வெறுமனே கிடந்தது. ஒரு வேப்பமரம், மாடுகள் தண்ணீர் குடித்த கல்தொட்டி, எந்தச் சந்தையிலும் விலை போகாத செவலை என்கிற கிழட்டுக் காளை, துளசிமணியின் சந்தகைக் கடை. மிஞ்சியது இவ்வளவுதான்.

சந்தகை என்றால், அரிசி மாவை வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் நூல் நூலாகப் பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றித் தருவது. துளசிமணி பிழிந்தால் வாசனை மூன்று தெரு தாண்டும். ஆனால் மூன்று தெருவிலும் ஆள் இல்லாமல் வாசனை மட்டும் என்ன செய்யும்? திருப்பூரில் இருக்கிற மகள் தினமும் போன் செய்தாள்.

"கடையைச் சாத்திட்டு வந்துரும்மா. இங்க வந்து டிவி பாத்துட்டு உக்காந்துக்கலாம்."

"டிவி பாக்கறதுக்கா நான் பொறந்தேன்? பேட்டைக்கு எதையாச்சும் கொண்டாந்து வைப்பாங்க. பாத்துட்டுச் சொல்றேன்" என்பாள் துளசிமணி.

கொண்டுவந்தும் விட்டார்கள். அந்த இடத்தில் உணவு, கலை வளாகம் வரப்போகிறது என்று அரசு சொன்னது. சுற்றிலும் பலகாரக் கடைகள், நடுவில் ஆட்டம் பாட்டுக்கு மேடை. வேலையைக் கவனிக்க உள்ளூரில் ஒரு குழு வேண்டும். சந்தைப்பேட்டையை அறிந்தவர்கள் யார்? மாட்டுத் தரகர்கள் மூவர்தான்: நாச்சிமுத்து, ஆறுக்குட்டி, பொங்கியண்ணன். அவர்களுக்கு வேலையும் இல்லை. சந்தையை மாற்றுகிறோம் என்று சொன்னார்களே தவிர, தரகர்களும் கூட வரலாம் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் மூவரும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

மாட்டுத் தரகு எப்படி நடக்கும் என்று தெரியுமல்லவா? வாய் திறந்து விலை பேசமாட்டார்கள். தோளில் கிடக்கும் துண்டை இருவர் கைமேலும் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்தே பேசி முடிப்பார்கள். இந்த மூவருக்கும் உலகத்தில் எந்தக் காரியமும் துண்டு போடாமல் முடியாது. முதல் கூட்டத்திலேயே அது தெரிந்துவிட்டது.

"வளாகத்துக்கு என்ன பேரு வைக்கலாம்?" என்றார் ஆறுக்குட்டி.

நாச்சிமுத்து துண்டை விரித்தார். இருவர் முகமும் கல்லாகிவிட்டது. உள்ளே விரல்கள் வெகுநேரம் பேசின.

"என்ன முடிவாச்சு?" என்று கேட்டார் பொங்கியண்ணன்.

"நாலரை."

"கொஞ்சம் கூடத்தான். நாலேகால்லயே நின்னிருக்கலாம்."

பிறகு திட்ட அதிகாரி அமுதவல்லி அம்மாள் ஜீப்பில் வந்தார். நல்ல மனுஷி. வேப்பமரத்தைப் பார்த்தார், கல்தொட்டியைத் தடவினார். கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு பழசு! இங்க இருக்கறது ஒண்ணுகூட இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. நான் திரும்பி வர்ற வரைக்கும் இப்படியே இருக்கணும். இதையெல்லாம் நடுவுல வச்சு, சுத்திக் கட்டுங்க. கார்த்திகை தீபத்துக்கு முந்தி வருவேன். கூரை நிக்கலைன்னா இடத்தை லாரி ஸ்டாண்டுக்குக் குடுத்துருவாங்க. அப்புறம் என்கிட்ட வந்து அழுது பிரயோஜனம் இல்ல."

ஜீப் போய்விட்டது. ஆறுக்குட்டி சுற்றும் முற்றும் பார்த்து, இருக்கிறவற்றை மனதில் குறித்துக்கொண்டார். மரம் இருந்தது. தொட்டி இருந்தது. செவலை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. தொட்டி விளிம்பில் பொங்கியண்ணன் உட்கார்ந்து, செருப்பில் ஏறிய கல்லைத் தட்டுவதற்காக ஒரு செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"பொங்கியண்ணா, அசையாதீங்க!" என்று கத்தினார் ஆறுக்குட்டி.

"செருப்பையாச்சும் போட்டுக்கறனே?"

"அந்தம்மா பாத்தப்ப செருப்பு எங்க இருந்துது?"

"கையில."

"அப்பக் கையிலயே இருக்கட்டும்."

அன்றிலிருந்து பொங்கியண்ணன் தொட்டிமேல்தான். துளசிமணி வேளாவேளைக்குச் சந்தகை கொண்டுவந்து கொடுத்தாள். அவருக்கு வேண்டிய மற்ற காரியங்களுக்குச் சுற்றிலும் தட்டி கட்டித் தந்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மரத்தோடு தொந்தரவு இல்லை. தொட்டியும் பேசாமல் இருந்தது. ஆனால் செவலை, அதிகாரி சொன்னதைக் காதில் வாங்கவில்லை போலிருக்கிறது. கொத்து மேஸ்திரி சூசை கயிறு பிடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்த நிமிடத்தில் எழுந்து, உடம்பை ஒரு சிலிர்ப்பு சிலிர்த்து, தபாலாபீஸ் வாசலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

குழு கூடியது.

"அசைஞ்சு போச்சே" என்றார் ஆறுக்குட்டி.

"இழுத்துட்டு வந்தா?" என்று கேட்டான் சூசை.

"அது ரெண்டாவது வாட்டி அசைக்கறது. ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பா?"

நாச்சிமுத்து கண்ணை மூடி யோசித்தார். "செவலை எதுக்கு நடுவுல இருந்துது? வளாகத்துக்கு நடுவுல. வளாகத்தையும் செவலை போன அளவுக்கு நகர்த்திட்டோம்னு வையி, செவலை இன்னும் நடுவுலதான் இருக்குது. அப்ப அது அசைஞ்சதா ஆகுமா?"

"ஆகாது!" என்று தொட்டியிலிருந்து கத்தினார் பொங்கியண்ணன். "ஆனா அப்ப நான் வெளிய போயிருவனே?"

"நீங்க எங்க போனீங்க? அங்கயேதான் உக்காந்திருக்கீங்க. வளாகந்தான் போகுது."

துண்டு போட்டார்கள். ஏழு என்று முடிந்தது. சூசை பழைய கோட்டை அழித்துவிட்டு, தபாலாபீஸ் வாசலில் மேடைக்குக் குழி வெட்டினான். மறுநாள் போஸ்ட் மாஸ்டர் ஆபீசுக்குள் போக ஏணி வைத்து இறங்கி, இன்னொரு ஏணி வைத்து ஏறினார். அதற்குள் செவலை ரைஸ் மில்லுக்குப் போய்விட்டது. மில்லைச் சுற்றிக் கோடு. பிறகு பள்ளிக்கூட மைதானம். அங்கே பந்து விளையாடியவர்கள் குழிக்குள் விழுந்து, குழிக்குள்ளேயே விளையாட்டைத் தொடர்ந்தார்கள்.

ஒரு நாள் செவலை நடுரோட்டில் படுத்தது. பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்தார்.

"மாட்டை ஓட்டுங்கய்யா!"

"ஓட்டலாங்க" என்றார் நாச்சிமுத்து மரியாதையாக. "ஆனா கூடவே வளாகமும் வரும். உங்க பஸ் எந்த ஊருங்க?"

"பெருந்துறை."

"அங்க எடம் தாராளமா இருக்குதுங்களா?"

கண்டக்டர் பஸ்ஸில் ஏறி, பின்னாலேயே எடுக்கச் சொல்லிவிட்டார்.

துளசிமணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்கக் குழி, ஒரு இடத்திலும் கூரை இல்லை. கார்த்திகையும் நெருங்கிவிட்டது. கூரை வராவிட்டால் லாரி வரும், லாரி வந்தால் தனக்குத் திருப்பூர் டிவிதான்.

"ஏனுங்கண்ணா, அது ஏன் அலையுதுன்னு பாத்தீங்களா? அதுக்குப் பசி" என்றாள்.

அரிசி கழுவிய தண்ணீரும் சோற்றுக் கஞ்சியும் ஊற்றி வைக்கிற தன் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். செவலை எங்கிருந்தோ மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது, வாளியைக் காலி செய்தது, பழைய இடத்திலேயே பொத்தென்று படுத்தது. தினமும் வாளி வந்தது. செவலை அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. சூசை மூச்சு விடாமல் கட்டினான். சுவர் ஏறியது, தூண் நின்றது, ஓட்டுக் கூரையும் வந்தது. நடுவில் மரம், தொட்டி, செவலை, கையில் செருப்போடு பொங்கியண்ணன்.

"நம்ம யோசனை பலிச்சுருச்சு" என்றார் நாச்சிமுத்து.

அடுத்து, கடை போடவும் ஆடிப் பாடவும் ஆள் எடுக்க வேண்டும். 'நல்லாப் பாத்து எடுங்க' என்று அதிகாரி போனில் சொல்லியிருந்தார். பார்த்து எடுப்பது எப்படி என்று இவர்களுக்கா சொல்லித்தர வேண்டும்? முறுக்குச் சுடுகிற குப்பாத்தாளைப் பேட்டையை ரெண்டு சுற்று நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பார்த்தார்கள். "நடை சுத்தம்." தவில்காரர் மருதாசலத்தின் முதுகில் ஆறுக்குட்டி பளாரென்று தட்டினார். அவர் துள்ளவில்லை. "சாது. பொம்பளைங்ககூடப் புடிச்சுட்டுப் போலாம்." ஒயிலாட்டக்காரர் ஒருவருக்கு நெற்றிமேல் மயிர்ச்சுழி இரண்டு இருந்ததால் வேண்டாம் என்றுவிட்டார்கள். சுழி சரியில்லாதது எங்கே போனாலும் குடும்பத்துக்கு ஆகாதாம்.

துளசிமணியின் முறை வந்தது. நாச்சிமுத்து அவள் வாயைத் திறக்கச் சொன்னார். பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. முன்னால ஒரு பல்லு இல்லைங்களே."

"அதுக்கு?"

"வயசாயிருச்சுன்னு அர்த்தம். எடுக்க முடியாதுங்க."

"யோவ், நான் சந்தகை புழியறது கையில! பல்லுலயா புழியறேன்?"

"கையையும் பாத்தமுங்க. கை நல்லா இருக்குது. பல்லுதான் இடிக்குது."

"தெனமும் என் கையாலதான திங்கறீங்க!"

"திங்கறது வேறங்க, எடுக்கறது வேற" என்றார் ஆறுக்குட்டி வருத்தத்தோடு.

துளசிமணி விருட்டென்று திரும்பிக் கடைக்குப் போய்விட்டாள். அதிகாரி வரவேண்டிய அன்று காலை, சந்தகை அச்சைச் சாக்கில் கட்டினாள். கடைத் தகரத்தைச் சாத்தினாள். தன் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். செவலை தலையைத் தூக்கிப் பார்த்தது. எழுந்தது. வாளிக்குப் பின்னாலேயே நடந்தது.

குழு அவசரமாகக் கூடியது.

"கோடா இருந்தா அழிச்சுப் போடலாம். கூரையே போட்டாச்சே. இதை எப்புடி நகர்த்தறது?" என்று சூசை தலையில் கைவைத்தான்.

"ஆளுக்கொரு தூணைப் புடிச்சா?" என்றார் ஆறுக்குட்டி. பிடித்தும் பார்த்தார்கள். வரவில்லை.

"ஏப்பா," என்று தொட்டியிலிருந்து குரல் வந்தது. உட்கார்ந்தே கிடந்ததில் பொங்கியண்ணனுக்கு யோசிக்க நேரம் கிடைத்திருந்தது. "மாடு வாளி பின்னால போகுது. வாளி அம்மணி கூடப் போகுது. அப்ப அம்மணியைத் திருப்புனா?"

ஓடினார்கள். பஸ் ஸ்டாப்பில் பஸ் நின்றுகொண்டிருந்தது. செவலை அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தது. துளசிமணி படியில் ஒரு காலை வைத்திருந்தாள். கண்டக்டர், "மறுபடியும் நீங்களா?" என்று விசிலைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அம்மணி, திரும்பி வாங்க. கடை தரோம்."

"எந்தக் கடை?"

நாச்சிமுத்து பழக்க தோஷத்தில் துண்டை விரித்துவிட்டார். ஒரு பெண்பிள்ளையின் கை அதற்குள் போனது அன்றுதான். பத்து விரலையும் தொட்டுக் காட்டினார் நாச்சிமுத்து. பத்தாவது கடை, கடைசி மூலை, கக்கூசுக்குப் பக்கம். துளசிமணி அவருடைய ஒரே ஒரு விரலைப் பிடித்தாள். நாச்சிமுத்து எட்டுக்கு வந்தார். அவள் அதே விரலைக் கொஞ்சம் அழுத்தினாள். ஆறுக்கு வந்தார். இத்தனை வருஷம் சூடு மாவை அச்சில் வைத்துப் பிழிந்த கை அது. பிழிந்தாள்.

"ஒண்ணு! ஒண்ணு! முடிஞ்சுது, ஒண்ணாம் நம்பர் கடை!" என்று அலறினார் நாச்சிமுத்து. வாய்விட்டுச் சொல்லி அவர் முடித்த ஒரே வியாபாரம் அதுதான்.

"பல்லு?" என்றார் ஆறுக்குட்டி.

"பல்லு எதுக்கப்பா?" நாச்சிமுத்து விரலை வாயில் வைத்து ஊதினார். "கையே கடிக்குது."

பஸ்ஸிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். பாதிப்பேர், இது என்ன கூத்து என்று பார்க்க இறங்கியும்விட்டார்கள். தும்பைவலசில் ஆள் இறங்கி அத்தனை நாளாகியிருந்தது.

ஜீப் வந்தபோது வளாகம் களைகட்டியிருந்தது. தவில் முழங்கியது, முறுக்கு பொரிந்தது. வாளிக்குப் பக்கத்தில் செவலை படுத்திருந்தது. ஒண்ணாம் நம்பர் கடையில் துளசிமணி ஆவி பறக்கப் பிழிந்துகொண்டிருந்தாள். அமுதவல்லி அம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அற்புதம்! மரம் அப்படியே இருக்கு, தொட்டி அப்படியே இருக்கு. லாரி ஸ்டாண்டுப் பேச்சே இனி கிடையாது."

துளசிமணி அடுப்புப் பக்கம் திரும்பி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆவி பட்டிருக்கும்.

"அம்மா, வந்துட்டீங்களா?" என்றார் பொங்கியண்ணன். "நான் எந்திரிச்சுக்கலாங்களா?"

"தாராளமா" என்றார் அதிகாரி, ஒன்றும் புரியாமல்.

பொங்கியண்ணன் செருப்பைத் தட்டினார். கல் விழுந்தது. காலில் போட்டுக்கொண்டு எழுந்தார். முழங்கால் இரண்டும் தவிலை மிஞ்சிச் சத்தம் போட்டன.

அவர் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகியிருந்த இடத்தில் அதிகாரி உட்கார்ந்தார். துளசிமணி தட்டு நிறையச் சந்தகை போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தாள். அமுதவல்லி அம்மாள் ஒரு வாய் எடுத்துப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அடடா! இது போதும். இந்த இடம் இந்த நிமிஷம் எப்படி இருக்கோ, அப்படியே இருக்கணும். இதுல ஒண்ணுகூட இனிமே அசையக் கூடாது."

தவில் நின்றது. நாச்சிமுத்து ஆறுக்குட்டியைப் பார்த்தார். துண்டு விரிந்தது.

"தட்டையும் சேர்த்தா?" என்று மெதுவாகக் கேட்டார் ஆறுக்குட்டி.

"தட்டையும் சேர்த்துத்தான். மேஸ்திரி, கயிறைக் கொண்டா."

சூசை சுண்ணாம்புப் பையோடு வந்து, அதிகாரியைச் சுற்றி வட்டமாகக் கோடு போட ஆரம்பித்தான். அவர் திடுக்கிட்டு எழப் பார்த்தார். "ஐயோ, அம்மா! அசையாதீங்க!" என்று ஊரே கத்தியது. வெளியே ஜீப் டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தார்.

பொங்கியண்ணன் மட்டும் பக்கத்தில் குந்தி, அனுபவப்பட்டவர் என்ற முறையில் ஆறுதல் சொன்னார்.

"பயப்படாதீங்கம்மா. மொதல்ல காலு மரத்துப் போகும், அப்புறம் ஒண்ணும் தெரியாது. நீங்க வாயை மட்டும் தொறங்க, நான் ஊட்டி விடறேன். நீங்க கையைத் தூக்குனா தட்டு அசையுமுங்க."