நூறு மரங்களும் மூன்று பாலங்களும்

குன்றூர் நாட்டைக் குமரவேள் ஆண்ட காலத்தில் ஒரு பெருவெள்ளம் வந்து, ஆற்றின் மேலிருந்த மூன்று பாலங்களையும் அடித்துக்கொண்டு போனது. அரண்மனைக் கிடங்கில் நூறு தேக்கு மரங்களே இருந்தன. கோடை வரும்வரை காட்டுக்குள் போக வழியில்லை.

“இந்த மரங்களால் எத்தனை ஊர்களுக்கு வழி பிறக்குமோ, அத்தனைக்கும் வழி செய்வேன்” என்று அரசர் சந்தையில் நின்று வாக்குக் கொடுத்தார். சரியான யோசனை சொல்பவருக்கு வெள்ளிப் பூண் போட்ட கைக்கோல் பரிசு.

கூடல்துறைப் பாலத்துக்கு அறுபது மரம் வேண்டும். அதனால் பதினைந்து ஊர்களுக்கு வழி பிறக்கும். ஆலந்துறைக்கு ஐம்பது, நெடுங்கரைக்கும் ஐம்பது. ஒவ்வொன்றாலும் பயன்பெறும் ஊர்கள் பத்து. அவை வெவ்வேறு ஊர்கள். ஒரு மரம் குறைந்தாலும் எந்தப் பாலமும் நிற்காது.

சபையில் தளபதி கொற்றன் எழுந்தார். “சிறந்ததை முதலில் கட்டுவோம். ஒரு மரத்துக்கு எத்தனை ஊர் என்று பார்த்தாலும் கூடல்துறையே மேல்.”

அமைச்சர் பண்ணனாருக்கு அது பிடிக்கவில்லை. “மூன்று துறையாரும் நம் மக்கள்தானே? மரங்களைச் சமமாகப் பங்கிடுவோம். யாருக்கும் மனக்குறை இராது.”

நாட்டின் பாதைகளைக் கவனித்துவந்தவள் நல்லினி. அவள் பிறந்த ஊர் கூடல்துறை. எந்தப் பாலத்தோடு எதைச் சேர்த்துக் கட்டலாம் என்று ஒவ்வொரு சேர்க்கையாகப் போட்டுப் பார்த்திருந்தாள். எங்காவது பிசகியிருக்காதா என்ற ஆசையோடு மறுபடியும் போட்டாள். விடை மாறவில்லை.

“ஆலந்துறையையும் நெடுங்கரையையும் கட்டுங்கள், அரசே” என்றாள்.

அரசர் அவள் சொன்னபடியே செய்தார். ஐப்பசி மழைக்கு முன்பே இரண்டு பாலங்களும் எழுந்தன. ஆறு மறுபடி பெருகியபோது அவற்றின் மேல் நெல்வண்டிகள் போயின. ஒரு கல்யாண ஊர்வலம் மேளதாளத்தோடு கடந்தது. கரையில் நின்ற தச்சர்கள் தலைப்பாகையைக் கழற்றி வீசி ஆடினார்கள்.

பரிசு வழங்கும் நாளில் நல்லினியின் அண்ணன் பூதன் ஊராரோடு சபைக்கு வந்தான். “நாட்டிலேயே சிறந்த பாலம் நம்முடையது, தங்கச்சி. அதைப் போய் விட்டுவிட்டாயே” என்றான்.

“சிறந்ததைக் கைவிட்டவளுக்கா கைக்கோல்?” என்று தளபதியும் கேட்டார். சபை அரசரின் முகத்தைப் பார்த்தது.

கதை கேட்டவர்களே, சொல்லுங்கள்: மூவரில் அரசரின் வாக்கைக் காத்தது யாருடைய யோசனை?

நல்லினியின் யோசனைதான். சமமாகப் பங்கிட்டிருந்தால் ஒரு பாலமும் எழுந்திராது. கூடல்துறையைக் கட்டியிருந்தால் பதினைந்து ஊர்களோடு நின்றிருக்கும். மிஞ்சிய நாற்பது மரங்களால் வேறெந்தப் பாலமும் கட்ட முடியாது. தனியாகப் பார்த்தால் அதுவே சிறந்த பாலம். ஆனால் அரசர் வாக்குக் கொடுத்தது ஊர்களுக்கு. அவள் தேர்ந்த இரண்டும் சேர்ந்து இருபது ஊர்களைக் கரைசேர்த்தன. இதையே அரசரும் சபையில் சொல்லி முடித்ததும் பூதன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு, அரசர் நீட்டிய கைக்கோலைத் தங்கை வாங்கும்போது, சபையில் முதலில் கை தட்டியவன் அவன்தான். கோடையில் அந்த இருபது ஊர்க்காரர்களும் காட்டிலிருந்து தேக்கை இழுத்துவந்து கூடல்துறையில் இறக்கினார்கள்.