சாய்ந்த தூணும் தூக்குக்குண்டும்

கருவிகள் ஒன்று சொன்னால் கொத்தனார்கள் மறுபேச்சுப் பேசாத காலத்தில், ஒரு துறைமுக நகரத்தில் தோப்பைப் போல ஒரு மாதா கோயில் எழுந்தது. தூண்கள் எல்லாம் கல்லில் எழுந்த புன்னை மரங்கள். அடிமரம் சற்றே சாய்ந்து உயர்ந்து, மேலே கிளை பிரிந்து, கிளை நுனிகளில் கூரையைத் தாங்கியது. சன்னல்கள் இலைப்பச்சை வெளிச்சத்தைத் தரையில் சிந்தின. கப்பலில் வந்தவர்கள் கடைத்தெருவுக்குப் போகும் முன்னே இங்கே வந்து அண்ணாந்து நின்றார்கள்.

அப்படி வந்த ஒருவர், வாசல் தூண் விழப்போகிறது என்று கிளப்பிவிட்டுப் போனார். ஊரெல்லாம் அதே பேச்சு. பங்குச்சாமியார் பயந்துபோய் வியாகுலக் கொத்தனாரை அழைத்தார். பயம் மெய்யானால் மரம்போன்ற தூண்களை எல்லாம் இடித்துவிட்டு, நேரான சிமெண்டுத் தூண்களை நிறுத்துவது என்று முடிவாகியிருந்தது.

கொத்தனாரின் பையில் பித்தளைத் தூக்குக்குண்டு வந்தது. அந்த நகரத்தில் அது நேர் பார்க்காத சுவர் கிடையாது. கலங்கரை விளக்கமே தன் வாக்கை வாங்கிக்கொண்டுதான் எழுந்தது என்று, பையில் கூடக் கிடந்த ரசமட்டத்திடம் வழியெல்லாம் அளந்துகொண்டே வந்தது.

நூலில் இறங்கித் தூணுக்குப் பக்கத்தில் நின்றதும் அதற்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“மூணு சாண் சாய்வு. உன்னைக் கட்டினவன் கள்ளுக்கடை வழியா வேலைக்கு வந்தானோ?”

தூணுக்குக் கோபம் வரவில்லை. “சாய்வு உண்மைதான் அண்ணாச்சி. இடிக்கச் சொல்றதுக்கு முன்னால, நிலவறையில என்னைப் பெத்தவங்களைப் பார்த்துட்டு வாரும்.”

சாமியார் சம்மதித்தார். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை விளக்கோடு முன்னே நடக்க, கொத்தனார் தூக்குக்குண்டோடு பின்னே இறங்கினார்.

நிலவறை விட்டத்திலிருந்து நூல்கள் தொங்கின. ஒன்றோடொன்று முடிந்த நூல்கள். முடிச்சுக்கு முடிச்சு, மீன்வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகள். கீழே தரையில் ஒரு பெரிய கண்ணாடி. அதற்குள் அத்தனை நூல்களும் தலைகீழாக எழுந்து, அடிமரமும் கிளையுமாக, மேலே இருக்கிற கோயிலாகவே நின்றன. இதைப் பார்த்துத்தான் கோயிலை வரைந்தார்கள் என்றார் கோயில்பிள்ளை.

ஈயக்குண்டுகளைக் கண்டதும் தூக்குக்குண்டுக்கு உறவுக்காரரைக் கண்ட பூரிப்பு. ஆனால் நூல்களின் சாய்வு கண்ணை உறுத்தியது.

“நம்ம இனத்துல பிறந்துட்டு எந்தப் பக்கம்டே இழுக்கீங்க?”

“நேர் கீழே. நீர் இழுக்கிற அதே பக்கம்தான்,” என்றது ஓர் ஈயக்குண்டு.

“பிறகு நூல் ஏன் சாயுது?”

“உம்ம நூல்ல நீர் ஒருத்தர்தான். எங்க நூல்ல பக்கத்துல இருக்கிறவன் பாரமும் சேர்ந்திருக்கு. சந்தேகம்னா ஒண்ணை நேராக்கிப் பாரும்.”

கொத்தனார் ஒரு நூலைச் செங்குத்தாக இழுத்துப் பிடித்தார். பக்கத்து நூல்கள் தொய்ந்தன. கண்ணாடிக்குள் கோயில் குலைந்து சரிந்தது. அவர் கையை எடுத்தார். ஆடி அடங்கி, கோயில் பழையபடி எழுந்து நின்றது.

கொத்தனார் தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்.

வாசலில் ஊரே காத்திருந்தது. தூண் சாய்வா, நேரா என்று சாமியார் கேட்டார்.

தூக்குக்குண்டு நூலில் நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னது: “மூணு சாண் சாய்வு, சாமி. என் பங்காளிகள் குறிச்சுக் கொடுத்த சாய்வு. அதுல ஒரு விரல் குறைக்கக்கூடாது. நேரா இருக்கிறது எனக்குச் சுலபம். நான் எந்தக் கூரையையும் தாங்கலை.”